ஸ்பீக்கர் விற்கிறவர்கள் அறையின் அளவை ஏன் கேட்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சமீபத்தில் உயர் ரக வீட்டு ஸ்பீக்கர்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் பிரமாதம். விலைகளும் பிரமாதம், ஜோடி 3 லட்சத்தில் ஆரம்பித்து புறநகரில் ஒரு ஃபிளாட்டுக்குக் கட்டும் முன்பணம் வரைக்கும் போகிறது. ஆனால் இதையெல்லாம் எந்த அளவு அறையில் வைத்துக் கேட்பது என்று அந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு வரி கூட இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இடமில்லாவிட்டால் கடைசியில் வெட்டுங்கள், தயவுசெய்து நடுவில் வெட்டாதீர்கள்.

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் ஃபிளாட். வெளிநாட்டில் இருக்கும் மகன், "அப்பா, காலம் பூரா டிரான்சிஸ்டரிலும் டேப்ரெக்கார்டரிலுமே பாட்டுக் கேட்டுட்டீங்க, ஒரு நல்ல செட் வாங்கிக்கோங்க, காசு நான் தர்றேன்" என்று சொன்னாலும் சொன்னான், அன்று முதல் எனக்கு இதே வேலை. கடை கடையாக ஏறி இறங்குவது, இன்டர்நெட்டில் படிப்பது, இதில் கை தேர்ந்த பழைய சகாக்களைப் பிடித்து உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. வாங்குவதா வேண்டாமா, வாங்கினால் எந்த விலையில் நிறுத்திக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

அண்ணா சாலையை ஒட்டி ஒரு ஷோரூம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கால் புதைகிற கம்பளம், சுவர் முழுக்கத் துணி போர்த்திய பலகைகள், பின்சுவரில் வரிவரியாக மரச்சட்டம், உயரமான கூரை, ஓடுவதே தெரியாத ஏ.சி. என் வீட்டு ஹாலைப் போல இரண்டு மடங்கு இருக்கும். நட்ட நடுவில் ஒரே ஒரு சோபா. டெமோ காட்டிய தம்பி நல்ல பையன், மரியாதையாகப் பேசினான், டீ கொடுத்தான், "கண்ணை மூடிட்டுக் கேளுங்க சார்" என்றான். போட்டது எல்லாக் கடையிலும் போடுகிற அதே வகைப் பாட்டு. ஒரு வெளிநாட்டுப் பெண் குரல், கூட டபுள் பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம், ஓரமாக லேசாகத் தட்டுகிற சிம்பல். இரண்டு மூன்று வாத்தியம் மட்டும் இருக்கிற, அருமையாகப் பதிவு செய்த பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். நான் பென் டிரைவில் கர்நாடக சங்கீத வித்வான் மதுரை மணி ஐயரின் பழைய வானொலிப் பதிவு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதைப் போடச் சொன்னதும் தம்பி தயங்கினான். "சார், இந்த ரெக்கார்டிங் இந்த ஸ்பீக்கருக்கு நியாயம் பண்ணாது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 4 லட்சத்து 70 ஆயிரம் கொடுத்து வாங்கப்போகிற பொருளுக்கு மணி ஐயர் நியாயம் பண்ண வேண்டுமாம்.

அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். முதலில் விலை குறைந்த ஜோடி, அப்புறம் விலை கூடிய ஜோடி. இரண்டாவது போட்டதும் சட்டென்று எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் வால்யூம் திருகை அவன் தொடவே இல்லை. ஸ்பீக்கரின் விவரத் தாளில் சென்சிடிவிட்டி என்று ஒன்று போட்டிருப்பார்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) வரும் என்பது அது. முதல் ஜோடி 86, இரண்டாவது 90. திருகு ஒரே இடத்தில் இருந்தால் இரண்டாவது 4 டெசிபல் அதிகமாகத்தான் கேட்கும், அதில் தரத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மனிதக் காது கொஞ்சம் சத்தமாக இருப்பதை "நல்லா இருக்கு" என்றுதான் எடுத்துக்கொள்ளும், ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். ஃபோனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு போங்கள், உட்காருகிற இடத்தில் வைத்து இரண்டு ஜோடியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்ததில் பாதி மறுபடி சாய்ந்துவிட்டது. பாதிதான், முழுசும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது அறைக்கு வருகிறேன். நம் ஊரில் வீடு என்றால் செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். இந்த ஸ்பீக்கர்களை வடிவமைக்கிற ஊர்களில், அதிலும் அமெரிக்காவில், பல வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தச் சுவர் கொஞ்சம் அசைந்துகொடுத்து தாழ்ந்த சுருதிகளில் ஒரு பங்கை விழுங்கிவிடும், ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். நம் சுவர் எதையும் விடாது. உள்ளே போன பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த ஒலி, அங்கேயே முட்டி மோதிக்கொண்டிருக்கும். அதிலும் நமக்கென்றே அமைந்த ஒரு விசேஷம் பத்துக்குப் பத்து அறை. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது, அந்த இடைவெளிக்கு ஏற்ற ஒரு சுருதி மட்டும் எக்கச்சக்கமாக வீங்கும். சென்னை வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 350 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 10 அடிக்கு அது சுமார் 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு. நீளமும் 10, அகலமும் 10, தளத்தின் உயரமும் 10 என்றால் மூன்று திசையிலும் அதே 57 வீங்கும். ஸ்பீக்கருக்கு இதைவிட மோசமான அறையை வேண்டுமென்றே கட்டினாலும் கட்ட முடியாது. என் ஹால் 10க்கு 16, உயரம் 10. மூன்றில் இரண்டு ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான் என் அதிர்ஷ்டம்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், செலவில்லாத விஷயம். ஒற்றைச் சுருதியை எழுப்பும் இலவச செயலிகள் ஃபோனில் கிடைக்கின்றன. அதை இருக்கிற பழைய செட்டில், கொஞ்சம் பேஸ் வருகிற எந்த செட்டிலாவது இணைத்து 57 ஹெர்ட்ஸ் போட்டுவிட்டு அறைக்குள் மெதுவாக நடங்கள். சுவரை ஒட்டிப் போகும்போது நெஞ்சில் இடிக்கும், மூலையில் இன்னும் அதிகம், ஜன்னல் கண்ணாடி கூடச் சேர்ந்து கிர்ரென்று பாடும். இரண்டு சுவர்களுக்கும் சரி பாதியில் வந்து நின்றால் ஆளே இல்லாத மாதிரி அடங்கிவிடும். என் மனைவி சமையலறையில் இருந்து வந்து "என்ன, மோட்டார் ஓடுதா" என்று கேட்டாள். அவள் நின்ற இடத்தில் அவ்வளவு சத்தம், நான் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை. இப்போது சொல்லுங்கள், ஸ்பீக்கர் 50 ஆயிரமாக இருந்தால் என்ன, 10 லட்சமாக இருந்தால் என்ன, சுவருக்கு அது தெரியுமா? தரையில் நிற்கிற, விலை கூடிய உயரமான டவர் ஸ்பீக்கர் 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்பதால் சின்ன அறையில் அது இன்னும் அதிகமாகத்தான் ரகளை பண்ணும்.

இதற்கு முட்டை அட்டை ஒட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். எலிக்கும் கரப்பான் பூச்சிக்கும்தான் லாபம். திரைச்சீலை, பவானி ஜமக்காளம் எல்லாம் கை தட்டினால் வருகிற அந்தக் கணகணப்பை ஓரளவு குறைக்கும், டைல்ஸ் தரைக்கு அது அவசியமும்கூட. ஆனால் பேஸை மெல்லிய துணியால் ஒன்றும் செய்ய முடியாது, தடிமனும் கனமும் வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் என் மாமியார் காலத்து இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டு இருந்தன. அவற்றைச் சுருட்டி, பழைய போர்வையில் கட்டி, ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மூலைகளிலும் நிறுத்தினேன். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் எழுப்புகிற கும்கி என்ற நாதம் அதற்கு முன் ஒரு மொத்தமான "டொம்" என்று மட்டும் கேட்டது, இப்போது கை நகர்ந்து இழுக்கிற அந்த வளைவு தெரிகிறது. அடியோடு சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் காசு செலவில்லாமல் கிடைத்த இந்த முன்னேற்றம், 2 லட்சத்துக்கும் 4 லட்சத்துக்கும் நடுவே ஷோரூமில் நான் கேட்ட வித்தியாசத்தைவிடப் பெரிது. இப்போது சில ஆம்ப்ளிஃபயர்களில் ஒரு சின்ன மைக் கொடுத்து அறையை அளந்து வீக்கத்தைக் குறைக்கிற வசதியும் வருகிறது. வீங்கிய இடத்தை அது அடக்கும், சத்தம் அடங்கிப்போன இடத்தை நிரப்ப அதனால் முடியாது. அதற்கு சோபாவைத்தான் நகர்த்த வேண்டும்.

"இது உலகப் புகழ்பெற்ற ஸ்டுடியோக்களில் பயன்படுத்தும் பிராண்டு சார்" என்பது ஷோரூமில் அடிக்கடி கேட்கும் வசனம். பொய் இல்லை. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஸ்பீக்கர்கள் நெடுநாளாக இருக்கின்றன. ஆனால் அந்த அறையும் அந்த ஸ்பீக்கரும் சேர்ந்துதான் ஒரு பொருள், ஒன்றை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்து நங்கநல்லூரில் வைத்தால் அது அபே ரோடு ஆகாது. அது மட்டுமல்ல, ஸ்டுடியோவில் இருப்பதாலேயே ஒரு ஸ்பீக்கர் வீட்டுக்கு உகந்தது என்றும் ஆகிவிடாது. யமாஹா என்.எஸ்.10 என்று வெள்ளைக் கூம்பு போட்ட ஒரு சின்ன ஸ்பீக்கர், 1978-ல் வீட்டுக்கென்று வந்தது. வீட்டில் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் உலகம் முழுக்க ஸ்டுடியோக்காரர்கள் அதை மிக்சிங் மேஜை மேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள், 2001-ல் தயாரிப்பு நிற்கும் வரை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கேட்க இனிமையாக இருந்ததால் அல்ல, பதிவில் இருக்கிற குறைகளைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் காட்டிக்கொடுத்ததால். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து கேட்பதற்கு எனக்கு அது வேண்டாம்.

சரி, நல்ல ஸ்பீக்கர் என்று ஒன்று கிடையவே கிடையாதா, எல்லாம் மனப்பிரமையா என்றால் அப்படியும் இல்லை. கனடாவில் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் ஃபிளாய்ட் டூல் என்ற ஆய்வாளர் 1980-களில் ஒரு வேலை செய்தார். ஒலியை மறைக்காத துணித்திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, எது எந்த பிராண்டு என்று தெரியாமல் ஆட்களைக் கேட்க வைத்து மதிப்பெண் போடச் சொன்னார். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்றுதானே நாம் நினைப்போம்? பார்க்காமல் கேட்டபோது பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரியான ஸ்பீக்கர்களைத்தான் விரும்பினார்கள். நேரெதிரே எந்தச் சுருதியும் தூக்கலாகவோ மட்டாகவோ இல்லாமல் சமமாக ஒலிப்பவை, பக்கவாட்டிலும் அந்தச் சமநிலை கெடாதவை. பிறகு அவர் ஸ்பீக்கர் தயாரிக்கிற ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார், அங்கே ஷான் ஆலிவ் என்பவருடன் சேர்ந்து 1994-ல் ஒரே ஆட்களுக்குத் திரையோடு ஒரு தடவை, திரையை விலக்கி ஒரு தடவை வைத்துப் பார்த்தார். திரையை விலக்கியதும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. பெட்டியின் உருவமும் பெயரும் காதுக்கு முன்னால் போய் நின்றுகொண்டன. கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களேதான், விஷயம் தெரிந்தவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி.

ஆகவே காசுக்குத் தக்க தரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்டம் வரை உண்டு. மலிவான பெட்டியே நடுங்கி ஒரு குரல் கொடுக்கும், நல்ல பெட்டி கொடுக்காது. சத்தத்தை ஏற்றினால் மட்டமானது பிசிறும், நல்லது பிசிறாது. அந்தக் கட்டத்துக்கு மேலே போகிற காசு பெரும்பாலும் ஆழமான பேஸுக்கும், பெரிய ஹாலை நிரப்புகிற திராணிக்கும், மர வேலைப்பாட்டுக்கும்தான் போகிறது. ஈ.சி.ஆர். பக்கம் பங்களா வைத்திருப்பவர்கள், செட்டிநாட்டில் வளவு வீடு உள்ளவர்கள் வாங்கட்டும், அவர்கள் அறைக்கு அது தேவை. எனக்கு எதற்கு?

நாம் கேட்கிற சங்கீதத்துக்கு எவ்வளவு தாழ இறங்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற வித்வானுக்கு ஆதார ஸ்வரமான ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. அந்தச் சுருதிக்கு மீட்டுகிற தம்புராவின் மந்தரத் தந்தி 65. ஐந்து கட்டையில் பாடுகிற பெண் குரலுக்கு ஷட்ஜமே 196-ல்தான் இருக்கிறது. சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள், அதன் கடைசித் தந்தியைத் தொட்டாலே 41 ஹெர்ட்ஸ். ஆக 45, 50 வரை ஒழுங்காக இறங்குகிற ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு, சுவர் போடுகிற உபரி பேஸும் சேர்ந்தால், என் ஹாலில் குறையே தெரியாது. 20 ஹெர்ட்ஸ் இறங்குவது தேவாலயத்தின் பெரிய பைப் ஆர்கனுக்கும் சினிமா வெடிகுண்டுக்கும் வேண்டும். அந்த அலையின் நீளமே 17 மீட்டருக்கு மேல்.

மேல் பக்கமும் இதே கதைதான். விளம்பரத்தில் ட்வீட்டர் (உச்ச ஒலிகளைக் கொடுக்கிற சின்ன ஸ்பீக்கர்) 40,000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று போட்டிருக்கிறார்கள். நல்ல இளம் காதுக்கே 20,000 தான் எல்லை, அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு 12,000-க்கு மேல் ஒன்றும் விழாது. இந்த விலையில் ஸ்பீக்கர் வாங்க வசதி வருகிற வயதில் அந்த மேல்ஸ்தாயி காதைவிட்டுப் போய்விடுகிறது என்பது வேடிக்கைதான். அந்த 40,000 ஹெர்ட்ஸை எங்கள் தெரு நாய்கள் ரசித்தால்தான் உண்டு. இதற்காக ட்வீட்டரே முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்புராவின் ஜீவாரி என்கிற ரீங்காரம், வயலின் வில்லின் உராய்வு, மிருதங்கத்தின் சாப்பு, இதெல்லாம் 10,000-க்குள்ளேயே இருக்கிறது, அதைச் சுத்தமாகக் கொடுக்கிற ட்வீட்டருக்குக் காசு கொடுக்கலாம். நான் ஸ்பீக்கர் பார்க்கப் போனால் முதலில் போடச் சொல்வது தனித் தம்புராவைத்தான். அப்புறம் இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் கேட்பேன். குறைகள் ஒற்றை ஸ்பீக்கரில்தான் நன்றாகத் தெரியும், ஸ்டீரியோவில் பாதி மறைந்துபோகும். எழுபதுகளின் கடைசி வரை நம் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில், அதாவது ஒற்றை ஒலித்தடத்தில், பதிவானவை என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, சத்தம். எங்கள் பேட்டை விமான நிலையத்துக்குப் பக்கத்தில். விமானம் இறங்குகிற நேரத்தில் அடானா ராகமும் அதனோடு சேர்ந்து இறங்கும். அதை விடுங்கள், மின்விசிறி முழு வேகத்தில் ஓடும்போது என் ஃபோன் 48 டெசிபல் காட்டுகிறது (ஃபோன் கணக்கு துல்லியமில்லை, சுமாருக்குச் சொல்கிறேன்). மே மாதம் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிற வைராக்கியம் எனக்கு இல்லை. விசிறி இறக்கை ஒலியை வெட்டி வெட்டி விடுவதையும் நீடித்த சுருதிகளில் கேட்கலாம், நாதஸ்வரத்தில் இல்லாத ஒரு நடுக்கம் வரும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிற நுணுக்கம் பெரும்பாலும் மெல்லிய ஒலிகளில் இருக்கிறது, அந்த மெல்லிய ஒலிகளை எல்லாம் 48 டெசிபல் முழுங்கிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்றால் கீழ் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல் என்று சட்டமும் இருக்கிறது. பேஸ் இருக்கிறதே, அது கதவைச் சாத்தினாலும் தளம் வழியாக இறங்கிவிடும்.

சின்ன ஸ்பீக்கர் என்றால் ஏதோ ஏழைக்கு வாய்த்தது என்று நினைக்க வேண்டாம். பி.பி.சி.க்காரர்கள் 1970-களில் எல்.எஸ்.3/5ஏ என்று ஒன்றை வடிவமைத்தார்கள், வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள்ளே வைத்துக் கேட்பதற்காக. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆழமான பேஸ் அதில் இல்லவே இல்லை. ஆனால் பேச்சுக் குரலும் பாட்டுக் குரலும் அதில் ஒலிக்கிற விதத்துக்காக இன்று வரைக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள், உரிமம் பெற்றுப் புதிதாகவும் செய்கிறார்கள். வேன் அளவு இடத்துக்காகச் செய்தது நம் பத்துக்குப் பத்துக்கு ஒத்துப்போவதில் என்ன ஆச்சரியம்? நம் நாட்டிலும் கொல்கத்தாவின் சோனோடைன் 1970-களில் இருந்து ஸ்பீக்கர் செய்கிறது, கொச்சியில் இருந்து ரெதம் என்ற நிறுவனம் வெளிநாட்டுக் கண்காட்சி வரை போய் வந்திருக்கிறது. கட்டுரையில் இவற்றில் ஒன்றின் பெயரும் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

ஸ்பீக்கர் விலையோடு நிற்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மின்தடை 8 ஓம் என்று எழுதியிருக்கும், சில சுருதிகளில் 3 ஓம் வரை இறங்கும், அப்போது அது இழுக்கிற கூடுதல் கரண்டைக் கொடுக்கிற ஆம்ப் தனியாக வேண்டும், அது ஒரு லட்சம். பொதுவாக வீட்டில் கேட்கிற சத்தத்துக்கு ஓரிரண்டு வாட்தான் சராசரியாக ஓடும், எனவே 300 வாட் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்டாண்டு வாங்கத்தான் வேண்டும், டி.வி. மேஜை மேல் வைத்தால் மேஜையும் பாடும். கேபிளுக்கு 40 ஆயிரம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், பத்துப் பதினைந்து அடி தூரத்துக்குத் தாராளமாகப் போதும். அமெரிக்காவில் இருந்து மகனையோ மகளையோ கொண்டுவரச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளேயே ஆம்ப் இருக்கிற ஆக்டிவ் வகை அங்கே 110-120 வோல்ட்டுக்கு இருக்கலாம், இங்கே 230. பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். வாரன்டியும் பெரும்பாலும் கடல் தாண்டி வராது.

கடைசியில் நான் என்ன செய்தேன்? டவர் ஸ்பீக்கர் வைத்திருந்த கடையில் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டுப் பார்க்கத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு சின்னக் கடைக்காரர் டெபாசிட் வாங்கிக்கொண்டு புக்ஷெல்ஃப் என்கிற சின்ன ரகத்தில் ஒரு ஜோடியை ஒரு வாரக்கடைசிக்குக் கொடுத்தார். ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. பின்சுவரில் இருந்து இரண்டடி தள்ளி வைத்ததில் பூஜை அறைக்குப் போகிற வழி குறுகிப்போய்விட்டது, அதற்கு வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. ஆனால் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே, தரையில் இருந்து மூன்றடி உயரத்தில், ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடுகிற ஆளின் வாய் இருக்கிற இடத்தில் வந்து நின்றது. மணி ஐயர் பதிவில் இரைச்சல் இருந்தது, இரைச்சலுக்குப் பின்னால் அவரும் இருந்தார். அதையே வாங்குகிறேன். மிச்சப் பணத்தில் ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களுக்குக் கனமான கண்ணாடி போடலாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

கடைக்காரர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுத்தால் கடைக்காரரே அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்துக் காட்டுவார், டியூப்லைட்டில் பார்த்த நிறம் வெயிலில் வேறு மாதிரி இருக்கும் என்று அவருக்கும் தெரியும். அந்த நாணயம் லட்சக்கணக்கில் ஸ்பீக்கர் விற்கிறவர்களுக்கும் வேண்டும். டெமோவுக்கென்று ஒரு ஜோடி வையுங்கள், டெபாசிட் வாங்குங்கள், இரண்டு நாள் வீட்டில் கேட்கக் கொடுங்கள். "100 மணி நேரம் ஓடினால்தான் சவுண்டு செட் ஆகும்" என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள், அதற்குள் திருப்பிக் கொடுக்கிற கெடு தாண்டிவிடும் என்பது எங்களுக்கும் புரிகிறது.

விநியோகஸ்தர்களிடம் வேறொரு கேள்வி, உதிரிபாகம் பற்றியது. கூம்பைச் சுற்றி ஃபோம் விளிம்பு போட்ட பழைய ஸ்பீக்கர்கள் நம் கடற்கரை ஈரத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் தொட்டாலே பொடியாக உதிர்ந்துவிடும். இதை ரிச்சி தெருவில் ரிப்பேர் பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ரப்பர் விளிம்பு தாங்கும். பெட்டியின் பின்னால் இருக்கிற துவாரத்துக்குள் பல்லி குடி போவது, வேலை செய்கிறவர் ஈரத்துணியால் துடைத்து அடிப்பலகை உப்பிப்போவது, பேரக் குழந்தை ட்வீட்டரின் குமிழை விரலால் அமுக்கிப் பள்ளமாக்குவது, இதெல்லாம் இங்கே நடக்கிற சமாச்சாரங்கள். வாங்கும்போது கம்பி வலை மூடியோடு வாங்குங்கள், ஷோரூமில் அதைக் கழற்றிவைத்துத்தான் காட்டுவார்கள். பள்ளமான அந்த ட்வீட்டருக்கு மாற்று என்ன விலை, எத்தனை நாளில் வரும், மாடல் நின்றுபோன பிறகு எத்தனை வருடம் கிடைக்கும் என்று போன கடைகளில் எல்லாம் கேட்டேன். "கம்பெனிக்கு மெயில் போட்டுப் பார்க்கணும் சார்" என்பதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை. இறக்குமதி செய்கிற விநியோகஸ்தர்களில் யாராவது ஒருவர், தாங்கள் விற்கிற மாடல்களின் உதிரிபாக விலைப் பட்டியலையும் எத்தனை வருடம் கிடைக்கும் என்ற உறுதியையும் உங்கள் பத்திரிகைக்கே எழுதி அனுப்பட்டும். கட்டணம் கட்டிய விளம்பரமாக வந்தாலும் பரவாயில்லை, நான் படிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை-61